ஓடாத காருக்கு ஓயாத தவணை!

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கு நோக்கிச் செல்லுங்கள். வழியெங்கும் கண்ணாடி மாளிகைகள். அவற்றுக்குள்ளே மாலை சூட்டிய புதுக் கார்கள். நல்ல நாள் பார்த்து ஒரு குடும்பம் வருகிறது. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். அட்டையில் செய்த பெரிய சாவியொன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். பழம் நசுங்குகிறது, கார் வெளியே வருகிறது, கை தட்டுகிறார்கள்.

பதினைந்தாம் நாள் அதே கார் மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்றுவிடுகிறது. கியர் விழவில்லை, அல்லது என்ஜின் கொதிக்கிறது, அல்லது எதற்கென்றே தெரியாமல் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டருக்கு இழுத்துச் செல்கிறார்கள். மூன்று நாள் வைத்திருந்து, "சரியாகிவிட்டது சார்" என்று திருப்பித் தருகிறார்கள். எட்டாம் நாள் மறுபடியும் அதே கோளாறு. மறுபடியும் சர்வீஸ் சென்டர், மறுபடியும் அதே பதில். நான்காம் முறை போகும்போது, "எல்லாக் காரும் இப்படித்தான் சார் இருக்கும், ஓட்ட ஓட்டப் பழகிவிடும்" என்று சொல்லத் தொடங்குகிறார்கள். இதற்கிடையில் மாதம் பிறந்தவுடன் தவணைப் பணம் மட்டும் பாங்குக் கணக்கிலிருந்து தவறாமல் போய்க்கொண்டே இருக்கிறது. கார் நிற்கிறது; தவணை ஓடுகிறது!

"கார் வாங்குகிறவன் காசுக்காரன். அவன் குறையைத் தொழிலாளர்கள் படிக்கும் ஏட்டில் ஏன் எழுத வேண்டும்?" என்று தோழர்கள் சிலர் கேட்கக் கூடும். 1960-ல் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. இன்று கார் வாங்குகிறவர் யார்? முடிச்சூரிலும் செலையூரிலும் அனகாபுத்தூரிலும் மனைவியின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, ஏழாண்டுக் கடனில் டாக்சி வாங்கித் தாமே ஓட்டும் தோழர்கள் எத்தனை பேர்! ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டு உழைத்து, ஓய்வுக்குப் பின் கிடைத்த பணத்தில் பாதியைக் கொடுத்து ஒரு சின்னக் கார் வாங்கியவர் எத்தனை பேர்! பணக்காரன் வீட்டில் ஒரு கார் நின்றால் இன்னொரு கார் இருக்கும். டாக்சித் தோழரின் கார் நின்றால் அன்று மாலை அடுப்பு எரிவதே கேள்விக்குறி. ஆகவே இது நம் பிரச்னைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் ஓடும் கார்களில் பெரும் பங்கு நம் வட்டாரத்தில் பிறந்தவை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் உற்பத்தி நடக்கிறது. ஒரகடத்தில் 2010 முதல் நடக்கிறது. மறைமலை நகரில் 1990-களில் தொடங்கி 2022 வரை ஃபோர்டு கார்கள் வெளிவந்தன. அந்தப் போல்ட்டை முடுக்கிய கை நம் தோழனுடைய கை. அது கோளாறாய்ப் போனால் பழி யார் மீது விழுகிறது? "இந்தக் காலத்துத் தொழிலாளி ஒழுங்காக வேலை செய்வதில்லை" என்று சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடி ஒரு பேச்சு எழும். வரிசையின் வேகத்தை நிர்ணயிப்பவன் தொழிலாளி அல்லன். எந்த ஊரில் எந்த விலையில் உதிரிப்பாகம் வாங்குவது என்று முடிவு செய்பவனும் அவன் அல்லன். லாபக் கணக்கைப் போட்டவன் தப்பித்துக்கொள்ள, முறுக்காணி பிடித்தவன் ஏச்சு வாங்குகிறான். இதையும் நாம் பேசியாக வேண்டும்.

இந்தக் கதை நம் ஊருக்குப் புதிதன்று. பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்து முதியவர்களைக் கேட்டால் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியைப் பற்றிச் சொல்வார்கள். 1948-ல் தொடங்கப்பட்ட கம்பெனி அது. 1961 முதல் ஹெரால்டு கார் அங்கிருந்துதான் வந்தது. நாடு முழுவதற்கும் அன்று மூன்றே கார்கள்: கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் பியட், சென்னையின் ஹெரால்டு. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கார் வந்ததும் கோளாறு என்றால் எங்கே போய்ச் சொல்வது? விற்றவனிடம்தான் சொல்ல வேண்டும். "வேண்டாமென்றால் திருப்பிக் கொடுங்கள், வரிசையில் அடுத்த ஆள் காத்திருக்கிறார்" என்பான் அவன். ஹெரால்டின் பின் ஆக்சில் நம் சாலைக் குழிகளுக்குத் தாங்காது என்பது அன்றைய மெக்கானிக்குகள் எல்லோரும் அறிந்த செய்தி. 1970-களில் அதே கம்பெனி கெசல் காரைக் கொண்டுவந்தபோது பின் ஆக்சில் அமைப்பையே மாற்ற நேர்ந்தது. அதுவரை வாங்கியவர்கள் எல்லாம் தம் கைக்காசைப் போட்டு ஆக்சில் மாற்றியவர்கள்தாம். கார்களின் தரத்தைப் பற்றி அன்று எழுந்த கூக்குரல் டில்லி வரை எட்டி, 1960-களின் பிற்பகுதியில் அதை ஆராய மத்திய அரசே ஒரு குழு அமைக்க வேண்டியதாயிற்று.

பின்னர் 1985-ல் அதே பெருங்களத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து ஸ்டாண்டர்டு 2000 என்ற கார் வந்தது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர். பார்த்தவர் வியக்கும் அழகு. உள்ளே வைத்த என்ஜினோ பழைய வேன்கார்டு காலத்து என்ஜின்! புதுப் பட்டுச் சட்டைக்குள்ளே பழைய கிழிந்த பனியன். பெட்ரோலைக் குடித்தது. எரிபொருள் சிக்கனம் பற்றிக் கம்பெனி சொன்ன கணக்கு தகராறில் முடிந்தது. மாருதி மலிவாக வந்து சந்தையைப் பிடித்துக்கொண்ட காலம் அது. 1988-ல் உற்பத்தி நின்றது. ஆசையோடு வாங்கியவர்கள் உதிரிப்பாகத்துக்கு அலைந்தார்கள். உழைத்தவர்கள் வேலைக்கு அலைந்தார்கள். ஒரே வாசலில் இருவரும் நின்றார்கள். கம்பெனி நடந்த மனையில் இன்று கணினி அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்துவிட்டன. அந்த வழியாகப் போகும் இளந்தோழர்களுக்கு அங்கே ஒரு கார்த் தொழிற்சாலை இருந்ததே தெரியாது.

அந்த இடைவேளையில், 1986-ல், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளில் குறை இருந்தால் அதை நீக்கித் தரவும், புதுப்பொருள் தரவும், வாங்கிய விலையை வட்டியோடு திருப்பித் தரவும், நஷ்டஈடு தரவும் ஆணையிட நுகர்வோர் ஆணையத்துக்கு இச்சட்டம் அதிகாரம் தருகிறது. ஏட்டில் படித்தால் இனிக்கிறது. நடப்பில் என்ன?

2006-ல் உச்ச நீதிமன்றம் மாருதி கம்பெனி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. புதுக் காரில் கிளட்ச் கோளாறு. கீழே இருந்த ஆணையங்கள் காரையே மாற்றித் தரச் சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றம், வாரண்டிப் பத்திரத்தில் கோளாறான பாகத்தைச் சரிசெய்வோம் அல்லது மாற்றுவோம் என்றுதான் எழுதியிருக்கிறது, ஆகவே முழுக்காரையும் மாற்றச் சொல்வது சரியன்று என்று கூறிவிட்டது. அன்று முதல் கம்பெனி வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆணையத்தின் படியேறுகிறார்கள். வாரண்டியை எழுதியவன் யார்? கம்பெனி. அதில் ஒரு வரியைக் கூட்டவோ குறைக்கவோ வாங்குகிறவனுக்கு உரிமை உண்டா? இல்லை. ஒருவன் எழுதிய பத்திரம் இருவரையும் கட்டுகிறது!

எனினும் கதவு முழுதும் சாத்தப்பட்டுவிடவில்லை. 2022 ஏப்ரலில் அதே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கைத் தீர்த்தது. கார் ஹூண்டாய் கிரெட்டா, வாங்கியது 2015, விபத்து 2017. மோதியபோது விரிய வேண்டிய காற்றுப் பை விரியவில்லை. ஓட்டியவர் தலையிலும் மார்பிலும் அடிபட்டார். கம்பெனி சொன்ன பதில் என்ன தெரியுமா? மோதிய வேகமும் விசையும் பை விரியப் போதுமானவையாக இல்லையாம்! கார் வாங்குகிறவன் பௌதிகம் படித்துவிட்டா வர வேண்டும் என்ற பொருள்பட நீதிபதிகள் கேட்டார்கள். பாதுகாப்புக்கென்று பை இருக்கிறதென்று சொல்லி விற்றாய், அது வேலை செய்யவில்லை, ஆகவே பொறுப்பு உன்னுடையது என்று தீர்த்தார்கள். 3 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் மாற்றுக் காரும் தரச் சொன்ன ஆணை உறுதியாயிற்று.

மற்றொரு வழக்கையும் சொல்லியாக வேண்டும். ஐதராபாத்தில் ஒரு கம்பெனி 2009 செப்டம்பர் 25 அன்று பி.எம்.டபிள்யூ. கார் வாங்கியது. நான்காம் நாளே கோளாறு. நவம்பரில் மறுபடியும் கோளாறு. போலீசில் வழக்குப் பதிவாயிற்று. உயர் நீதிமன்றம் 2012-ல் அந்தக் குற்ற வழக்கை ரத்து செய்து, புதுக் கார் கொடுங்கள் என்றது. கம்பெனி தரத் தயார் என்றது. வாங்கியவர் கார் வேண்டாம் என்றார். இறுதியில் 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் கொடுத்துக் கணக்கை முடிக்கச் சொன்னது. பதினைந்து ஆண்டு! வழக்காடியவர் வசதி படைத்தவர், வக்கீல் வைக்க முடிந்தது, காத்திருக்க முடிந்தது. அனகாபுத்தூர் டாக்சித் தோழர் பதினைந்து மாதம் காத்திருப்பாரா? மூன்றாவது தவணை தவறினால் கடன் கொடுத்தவனின் ஆட்கள் வாசலில் நிற்பார்களே!

இங்கே தவணையைப் பற்றி ஒரு சொல். "கார் ஓடவில்லை, நான் ஏன் தவணை கட்ட வேண்டும்?" என்று கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். கோபம் நியாயமானது, ஆனால் கடன் ஒப்பந்தம் பாங்கோடு செய்தது, கார் ஒப்பந்தம் வியாபாரியோடு செய்தது. இரண்டும் வேறு வேறு. நிறுத்தினால் காரும் போகும், வழக்குக்கு வேண்டிய சாட்சியும் அதோடு போகும். கட்டிய ஒவ்வொரு தவணையையும் கணக்கில் எழுதி நஷ்டஈட்டில் கேளுங்கள்.

"டாக்சிக்கு வாங்கிய கார் வியாபாரக் கார், அதற்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்று ஷோரூமில் பயமுறுத்துவார்கள். பொய். தன் பிழைப்புக்காகத் தானே உழைக்க வாங்கிய பொருளைச் சட்டம் வியாபாரமாகக் கருதுவதில்லை. 1995-ல், கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தில் இயந்திரம் வாங்கிய ஒரு நிறுவனத்தின் வழக்கில், உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வழக்கு போட்டவர் தோற்றார் என்பது உண்மை. ஆயினும் ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவன் நுகர்வோன்தான் என்பதை அத்தீர்ப்பே எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டது. பத்துக் கார் வாங்கி ஆள் வைத்து ஓட்டுகிறவருடைய கதை வேறு. ஒரு கார், ஒரு ஸ்டியரிங், அதைப் பிடிப்பது உங்கள் கை என்றால் தயங்காதீர்கள்.

வழக்கில் தோற்பவர்களில் பலர் கோளாறு இல்லாததால் தோற்பதில்லை. காகிதம் இல்லாததால் தோற்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது ஜாப் கார்டு போடுவார்கள். அதில் நீங்கள் சொன்னதை எழுதமாட்டார்கள்; "பொதுப் பரிசோதனை" என்று எழுதி வைப்பார்கள். கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். "மூன்றாவது கியர் விழவில்லை, இது நான்காம் முறை" என்று உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே நின்று கைப்பேசியில் அதையே கம்பெனிக்கு மின்னஞ்சலாக அனுப்புங்கள். வண்டி எந்தத் தேதியில் உள்ளே போயிற்று, எந்தத் தேதியில் வெளியே வந்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்பதை ஒரு நோட்டில் குறியுங்கள். விளக்கு எரிந்தால், சத்தம் கேட்டால், உடனே படம் பிடியுங்கள். சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கிவிடுவது எல்லாக் காருக்கும் உள்ள குணம்! வெளியே வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துவிடாதீர்கள். "எங்களுக்குத் தெரியாமல் பிரித்தார், வாரண்டி போயிற்று" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். அங்கே வண்டிக்கடியில் படுத்திருக்கும் மெக்கானிக்கை ஏசுவதில் பயனில்லை. ஒரு வண்டிக்கு இத்தனை நிமிடம் என்று அவனுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். எந்தப் பாகத்தை இலவசமாக மாற்றலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அவனுக்கில்லை. பல சமயம் கோளாறு என்னவென்று முதலில் உண்மையைச் சொல்பவனும் அவன்தான், மெல்லிய குரலில்.

பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ். விற்ற வியாபாரிக்கும் தயாரித்த கம்பெனிக்கும் இருவருக்குமே. ஒருவரை மட்டும் சேர்த்தால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். வியாபாரி செய்த தவற்றுக்குத் தயாரிப்பாளர் தாமாகவே பொறுப்பாகிவிடமாட்டார் என்று 2021-ல் கோவாவைச் சேர்ந்த ஒரு டாட்டா கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கே பழைய ஆண்டுக் காரைப் புதியதென்று தலையில் கட்டியது வியாபாரி. ஆகவே யார் என்ன செய்தார் என்பதை மனுவில் பிரித்து எழுத வேண்டும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். சில வேளை அதிலேயே கம்பெனி இறங்கி வரும். வராவிட்டால் ஆணையம். தாம்பரத்தார்க்குச் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கம்பெனியின் தலைமை அலுவலகம் டில்லியில் இருந்தால் டில்லிக்கு ஓட வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம் என்பது 2019 சட்டத்தின் பெரிய நன்மை. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை; 10 லட்சம் வரை 200 ரூபாய்; 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. கெடு இரண்டாண்டு. "இன்னும் ஒரு தடவை பார்க்கிறோம் சார்" என்று இழுத்து இழுத்து அந்த இரண்டாண்டையும் கடத்திவிடுவது ஒரு தந்திரம் என்பதை நினைவில் வையுங்கள். நம் படிப்பகங்களில் மனு எழுதத் தெரிந்த தோழர்கள் இருக்கிறார்கள். ரேஷன் அட்டைக்கும் பட்டாவுக்கும் எழுதிக் கொடுப்பது போல் இதற்கும் ஒரு மாலை ஒதுக்க வேண்டுகிறோம்.

ஒரே கோளாறு பலருக்கு இருந்தால் அதற்குத் தனி வழி உண்டு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், உயிருக்கு ஆபத்தான கோளாறு உள்ள வண்டிகளை எல்லாம் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. தனித்தனியாக முறையிட்டால் ஒவ்வொருவரையும் "உங்கள் ஒருவருக்குத்தான் சார் இப்படி" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். டாக்சி ஸ்டாண்டில் ஒரே மாடல் ஓட்டும் தோழர்கள் கூடி உட்கார்ந்து பேசினால் அந்தப் பொய் ஒரே நாளில் உடையும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகும் ஓலா மின் ஸ்கூட்டர்களைப் பற்றி ஆயிரக்கணக்கில் முறையீடுகள் குவிந்த பிறகுதான் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியது. 10,644 முறையீடுகளில் 99.1 சதவீதம் தீர்ந்துவிட்டதாகக் கம்பெனி பதில் சொன்னது. முறையிட்டவர்கள் எண்ணிக்கை பெருகாமல் இருந்திருந்தால் அந்தப் பதில்கூட வந்திராது.

சட்டத்தில் இன்னும் அடைக்காத ஓட்டை எது? கோளாறு தொழிற்சாலையிலேயே பிறந்தது என்று நிரூபிக்கும் சுமை வாங்கியவன் தலையில் இருக்கிறது. அமெரிக்காவில் கோளாறு தீராத புதுக் காரை "எலுமிச்சை" என்றே அழைக்கிறார்கள். நாம் சக்கரத்தின் கீழ் வைப்பதை அவர்கள் காருக்கே பெயராக வைத்துவிட்டார்கள்! 1982-ல் கனெக்டிகட் மாநிலம் முதன்முதலாக ஒரு சட்டம் செய்தது: ஒரே கோளாறுக்கு நான்கு முறை பழுதுபார்த்தும் தீராவிட்டால், அல்லது முப்பது நாள் வண்டி பட்டறையிலேயே கிடந்தால், வேறு காரோ பணமோ தர வேண்டும். நம்மவர் பெருந்தொகையாக வாழும் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் இப்படியொரு சட்டம் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவன் வேலை. சிங்கப்பூரில் விற்றால் ஒரு நியாயம், சிங்கப்பெருமாள் கோயிலில் விற்றால் ஒரு நியாயமா?

இங்கே என்ன நடக்கிறது? காரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கான கட்டணத்தை முன்னதாக மனுதாரரே கட்டும்படி சொல்லலாம் என்றும் அதே சட்டம் கூறுகிறது. 200 ரூபாயில் மனுப் போட்டவன் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறான். கட்ட முடியாவிட்டால் நிபுணர் அறிக்கை இல்லை. அறிக்கை இல்லாவிட்டால் உற்பத்திக் குறை நிரூபணமாகவில்லை என்று கம்பெனி வக்கீல் எழுந்து நிற்பார்.

வண்டலூரில் திரும்பிப் படப்பையைத் தாண்டினால் ஒரகடத்தில் மோட்டார் வண்டிகளைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆய்வு மையம் பரந்து கிடக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் கட்டியது. கம்பெனிகளின் கார்கள் அங்கே சோதிக்கப்படுகின்றன. கோளாறான காரோடு செங்கல்பட்டு ஆணையத்தில் நிற்கும் டாக்சித் தோழரின் வண்டியையும் அங்கே அனுப்பச் செய்து, அந்தக் கட்டணத்தை முதலில் கம்பெனியே கட்ட வேண்டும், தோற்றால் தோழர் திருப்பித் தரட்டும் என்று விதியைத் திருத்த வேண்டும். திருத்துவது டில்லியின் கையில் இருக்கிறது. அதுவரை ஏழை மனுதாரருக்காக அந்தக் கட்டணத்தை முன்பணமாகக் கொடுக்க மாநில அரசு ஒரு நிதி ஒதுக்கலாம். தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரையுள்ள சட்டமன்ற உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றி, வரும் கூட்டத்தொடரில் இதைக் கேள்வியாக எழுப்புவார்களா?